தெற்கத்தி டீசலும் லடாக் குளிரும்

கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்கு ஓடும் டிப்பர் லாரிக்குக் குளிரைப் பற்றிய கவலை கிடையாது. அரியலூர்ப் பக்கம் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும். கிளம்பாவிட்டால் பேட்டரிக்குத்தான் திட்டு விழும். அதே வகை டீசலை டேங்க் நிறைய வைத்துக்கொண்டு ஒரு நேஷனல் பர்மிட் லாரி டிசம்பர் மாதம் கார்கில் பக்கம் ஓர் இரவு நின்றால் கதையே வேறு. காலையில் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. மெக்கானிக் வந்து பார்த்தால் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு டேங்கில் இருக்கிறது. கிளம்பும்போதே அது நிரப்பப்பட்டுவிட்டது.

‘டீசல் ஐஸ் கட்டிப்போச்சு’ என்பார்கள் ஓட்டுநர்கள். உண்மையில் தண்ணீர் போல டீசல் மொத்தமாகக் கட்டியாவதில்லை. டீசல் பல வகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் கிளையில்லாமல் நீளநீளமாக இருக்கும் மூலக்கூறுகள்தான் பாரஃபின் மெழுகு. மெழுகுவத்தி செய்கிற மெழுகுக்கு இவை நெருங்கிய உறவு. சாதாரண வெப்பத்தில் டீசலுக்குள் கரைந்து கிடப்பவை, குளிர் ஏறினால் பிரிந்து, மெல்லிய தகடுகளாகத் திரள்கின்றன. மார்கழியில் தேங்காய் எண்ணெய் முதலில் கலங்கி, பிறகு கட்டியாவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் லாரியை நிறுத்த அவ்வளவு கட்டியாக வேண்டியதில்லை. நூற்றில் இரண்டு பங்கு மெழுகு பிரிந்தாலே போதும். தகடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மீதி டீசலையும் ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் டீசல் மங்கும். அடுத்து, மெழுகுத் துகள் ஃபில்டரை அடைக்கும். கடைசியில்தான் டீசல் ஊற்றினாலும் ஓடாத நிலைக்கு வரும். லாரிக்காரருக்கு முக்கியம் நடுக்கட்டம். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் டீசல் தளதளவென்றுதான் தெரியும். ஆனால் ஃபில்டரைக் கழற்றினால் மடிப்புக் காகிதத்தின் மேல் வெளிறிய மஞ்சள் களிம்பு அப்பியிருக்கும். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களின் ஃபில்டர் சில மைக்ரான் அளவுத் தூசியைக்கூட விடாது. மெழுகை எப்படி விடும்? அதனால்தான் சில வண்டிகள் காலையில் கிளம்பி, ஒரு மைல் ஓடி, இழுவை குறைந்து, ஏற்றத்தின் நடுவில் அப்படியே நின்றுபோகின்றன. ஓட்டுநர் ‘ஏர் பிடிச்சிருச்சு’ என்று கை பம்பை அடித்துக்கொண்டிருப்பார்.

நம் நாட்டில் விற்கும் டீசலுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1460 என்ற வரையறை இருக்கிறது. அதன்படி ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மற்ற மாதங்களில் 18 டிகிரி வரை இருக்கலாம். 18 டிகிரி! அறைக்குள் ஏ.சி.யை வைக்கிற அளவு. இது மேல்வரம்புதான், பங்கில் கிடைக்கும் டீசல் இதைவிட நன்றாகவே இருக்கலாம். ஆனால் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கல்லங்குறிச்சி வெயிலுக்கு இந்த விதி தாராளமாகப் போதும். அக்டோபரில் இங்கே நிரப்பி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும் இமயமலைப் பாதைக்குப் போகிறவருக்குப் போதாது.

மெழுகு அவ்வளவு தொல்லை என்றால் ஆலையிலேயே எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம், நட்டம் நமக்குத்தான். டீசலில் நன்றாகப் பற்றிக்கொள்ளும் பகுதியே இந்த நேர்ச்சங்கிலி மெழுகுகள். பற்றும் திறனைச் சொல்லும் சீட்டேன் எண் 51-க்குக் குறையக் கூடாது என்ற விதியை எட்ட அவை உதவுகின்றன. நம் மண்ணிலும் கடலிலும் கிடைக்கும் கச்சா எண்ணெயும் மெழுகு மிகுந்ததுதான். பம்பாய் ஹை கச்சா எண்ணெய் ஏறக்குறைய 30 டிகிரியிலேயே ஓட மறுக்கும். அதைக் குழாயில் அனுப்பவே தனி மருந்து கலக்க வேண்டியிருக்கிறது.

லடாக்கில் பல்லாண்டுகளாக இதற்கு வைத்தியம் ஓட்டுநர் கையில்தான் இருந்தது. டேங்குக்கு அடியில் ஸ்டவ்வோ விறகோ வைத்துச் சூடேற்றுவது, டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது, இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது. 2019 நவம்பர் 17 அன்றுதான் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குளிர்கால டீசலை உள்துறை அமைச்சர் அமித் ஷா டெல்லியிலிருந்தபடியே காணொலி வழியாக லடாக்கில் அறிமுகம் செய்துவைத்தார். ஹரியானாவின் பானிப்பட் ஆலையில் தயாராகும் இந்த டீசல், மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழக்காது என்று அறிவித்தார்கள். லடாக், கார்கில், இமாச்சலத்தின் காஸா, கேலாங் போன்ற இடங்களின் வண்டிகளை மனத்தில் வைத்து வந்த சரக்கு இது. நல்ல வேலை, தாமதமாக வந்த வேலையும்கூட. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மைனஸ் 33 என்பது டீசல் அடியோடு ஓடாமல் போகும் கட்டத்தின் கணக்கு. அதற்குச் சில டிகிரி முன்பே ஃபில்டர் தகராறு செய்யத் தொடங்கிவிடும்.

ஐரோப்பாவில் ஃபில்டர் கணக்கை வைத்தே டீசலை வகை பிரிக்கிறார்கள். ஜெர்மனியில் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை பங்கில் விற்கும் டீசல் மைனஸ் 20 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் இருக்க வேண்டும். துருவப் பகுதிகளுக்கான வகைகள் மைனஸ் 44 வரை போகின்றன. கனடாவில் லாரி ஓட்டும் நம் ஆட்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. பருவத்துக்கு ஏற்ற டீசல் பங்குக்கே வந்துவிடுகிறது.

பெட்ரோலில் இந்த மெழுகுச் சிக்கலே கிடையாது. 1948 நவம்பர் 1 அன்று லடாக்குக்குப் போகும் வழியிலுள்ள சோஜி லா கணவாயில் இந்திய ராணுவத்தின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறி எதிரியைத் திகைக்க வைத்தன. அவை பெட்ரோல் வண்டிகள். 

டீசல் சரியாக இருந்தாலும் குளிரில் எஞ்சினைக் கிளப்புவது தனிப் பாடு. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. காற்றை இறுக்கி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. சிலிண்டர் இரும்பு உறைந்து கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். சைலன்ஸரில் வெள்ளைப் புகைதான் வரும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சின் ஆயிலோ பாகாய்க் கெட்டிப்பட்டு, சுற்றுவதற்கு இன்னும் பலம் கேட்கும். லே நகரம் இருக்கும் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்; இறுக்கி அழுத்தக் கிடைக்கும் காற்றே குறைவு. பி.எஸ்.-6 வண்டியில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும். ரேடியேட்டரில் நம் ஊரைப் போல வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் டீசலைப் பற்றிப் பேசவே வேண்டாம், உறைந்த தண்ணீர் விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். ஏர் டேங்கில் தேங்கிய நீரை வடிக்காவிட்டால் பிரேக் குழாய் அடைபடும்.

டேங்குக்கு அடியில் தீ மூட்டும் பழைய வழக்கம் இன்றைய வண்டிக்கு ஒத்துவராது. பிளாஸ்டிக் குழாயும் சென்சார் ஒயரும் ஓடும் இடம் அது. டீசலில் பெட்ரோல் கலப்பதும் ஆபத்து. ஆவி எளிதில் தீப்பிடிக்கும், பம்ப்பும் தேய்ந்துபோகும். மண்ணெண்ணெயை நூற்றில் பத்து பங்கு கலந்தாலும் ஓரிரு டிகிரிதான் இறங்கும்; புகை வடிகட்டும் கருவி கெடும், மேலும் அது கலப்படக் குற்றம். டீசல் உறையாமல் தடுக்கக் கலக்கும் திரவத்தையும் மெழுகு திரள்வதற்கு முன்பே ஊற்ற வேண்டும். திரண்ட மெழுகைக் கரைக்க அதற்குத் தெரியாது. உருவாகும் துகளைச் சிறிதாக வைத்திருக்க மட்டுமே தெரியும். ஃபில்டர் மேல் துணி சுற்றி வெந்நீர் ஊற்றுவது எவ்வளவோ மேல்.

கேபினுக்குள் கரி அடுப்பு வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவது இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

குளிர்காலத்தில் இமயமலைப் பக்கம் லோடு ஏற்றும் லாரி உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நிரப்பிய டீசலை மலையடிவாரத்துக்குள் தீர்த்துவிட்டு, மேலே போகும் வழியில் அந்தப் பக்கத்து டீசலை முழு டேங்க் போடச் சொல்லுங்கள். கூலண்ட்டைச் சரிபார்த்து, மாற்று ஃபில்டர் இரண்டு கொடுத்தனுப்புங்கள். மலைப்பாதையில் ஒரு நாள் வண்டி நின்றால் ஆகிற செலவுக்கு முன்னால் ஃபில்டர் விலை ஒன்றுமே இல்லை.