தீவகத்தில் ஒரு குதிரை இறந்தால்

அனலைதீவில் குதிரை என்றவுடன் மனக்கண்ணில் தோன்றுவது ஐயனார் ஏறிவரும் வாகனமே. அது மரத்தால் ஆனது. பழுதுபட்டால் தச்சரும் வர்ணம் தீட்டுவோரும் வந்து புதுக்கிவிடுவர். உயிருள்ள குதிரையைக் காண விரும்புவோர் குறிகட்டுவான் துறைக்குச் சென்று, அங்கிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போதல் வேண்டும். அத்தீவின் தென்பாகத்துப் புல்வெளியிலே, உடையவர் எவருமின்றி, மட்டக்குதிரைகள் மேய்ந்து திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொணர்ந்து வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை என்பர். ஆங்கிலர் ஆட்சியின் தொடக்கத்தில், நோலன் என்னும் அதிகாரி அத்தீவை நிருவகித்த காலத்திலும், அங்கே குதிரை வளர்ப்பு நடைபெற்றது. லாயத்தின் முருகைக்கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போயினர், குதிரைகள் தங்கிவிட்டன. 2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அக்குதிரைகள் நீரின்றி இறந்தன என்னும் செய்தி கடும் வறட்சி ஆண்டுகளில் பத்திரிகைகளில் வருவதுண்டு. குட்டைகள் வற்றி, புல் கருகி, மாரி மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களே அவற்றுக்குக் கொடிய காலம். செய்தியைக் கேட்டோர் இரங்குகின்றனர், பின்னர் மறக்கின்றனர். ஆனால் இறந்த குதிரையின் உடல் என்ன ஆகின்றது என்பதை வினவுவோர் சிலரே. அவ்வினா நெடுந்தீவுக்கு மட்டும் உரியதன்று. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு ஆகிய சிறு தீவுகளில் ஒரு பசுவோ எருதோ இறந்தாலும் அதே வினாவே எழும்.

மேனாடுகளில் அன்புடன் வளர்த்த குதிரை இறந்தால், அதற்கென அமைந்த பெரிய உலையில் எரித்து, சாம்பலைப் பேழையில் இட்டு உடையவரிடம் ஒப்படைக்கும் நிலையங்கள் உள்ளன. பிடரிமயிரில் ஒரு கொத்தையும், லாடம் ஒன்றையும் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. குதிரையைப் பிரிந்தோரின் துயரை மதிக்கும் நல்ல வழக்கமே அது. மனிதன் குதிரைக்கு மரியாதை செய்தது புதிதுமன்று. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரைப் போரின் பின் இறந்த பியூசிபலஸ் என்னும் குதிரையின் பெயரால் அலெக்சாந்தர் ஒரு நகரையே அமைத்தான். தமிழகத்திலே, செஞ்சிக்கு அண்மையில் உள்ள நீலாம்பூண்டியில், 1714இல் மாண்ட தேசிங்குராசனின் தோழனுக்கும் குதிரைக்கும் சமாதி உண்டு என்பது அவ்வூர் வழக்கு. வாட்டர்லூ களத்தில் வெலிங்டன் பிரபுவைச் சுமந்த குதிரை 1836இல் இறந்தபோது படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. புகழ்பெற்ற பந்தயக் குதிரைகளுக்கு மட்டும் ஒரு விசித்திரமான முறை இருந்தது: தலை, இதயம், குளம்பு ஆகியவற்றை மாத்திரம் புதைப்பர். 1989இல் இறந்த செக்ரட்டேரியட் என்னும் அமெரிக்கக் குதிரையை முழு உடலாகப் புதைத்ததைத் தனிச் சிறப்பென்று அந்நாட்டார் பேசிக்கொண்டனர். காரணம் வேறொன்றுமில்லை, உடலின் பருமனே. வளர்ந்த குதிரை 400, 500 கிலோகிராம் இருக்கும். மட்டக்குதிரையேயாயினும் மூன்று நான்கு மனிதரின் எடைக்குக் குறையாது.

தீவகத்தில் உலை இல்லை. ஆகவே விறகுச் சிதையா, குழியா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியது கிணறு.

தீவுகளின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் துளையும் மிகுதி. மாரியில் பெய்யும் மழை அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உவர்நீரை அது தள்ளி வைத்திருக்கும். ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட விதி இது. வில்லை சிறிதானால் அதைக் கெடுப்பதும் எளிது. மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிந்து ஓரளவு தூய்மை பெறும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பிலோ மேலே விழுந்த அழுக்கு வடிகட்டப்படாமலே அடுத்த வளவுக் கிணற்றை அடையலாம். நீரின்றி மாண்ட குதிரையே எஞ்சிய நீரையும் கெடுத்தது என்னும் நிலை வருமாயின், அக்கொடுமையை என்னென்பது!

முதலில் சிதையை நோக்குவோம். மனிதருக்குரிய திறந்த சிதைக்கே 400 முதல் 600 கிலோகிராம் வரை விறகு செலவாகின்றது. குதிரைக்கு அதன் பன்மடங்கு வேண்டும். பெருமரங்கள் அரிதான தீவுகளில் இது சிறு காரியமன்று. காய்ந்த பனைமட்டை, கொக்காரை, பன்னாடை, ஊமல் யாவும் தீயை மூட்ட உதவுமேயன்றி, பல மணி நேரம் நின்றெரிய மாட்டா. பெண்பனையை அனுமதியின்றித் தறித்தல் இலங்கைச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறத்தலாகாது. விறகு போதாத சிதையில் தோல் கருகும், வயிறு எரியாது. பாதி எரிந்த உடலை நாயும் காகமும் இழுத்துத் திரியும் காட்சி எரிக்காமல் விட்டதினும் அவலமானது. எரிப்பதென்று துணிந்தால், காற்று நுழையக் குறுக்கு வாய்க்கால் வெட்டி, அதன்மேல் விறகை அடுக்கி, விறகின்மேல் உடலைக் கிடத்தல் வேண்டும். உடலின்மேல் மட்டும் விறகைக் குவிப்பது பயனற்றது. வீடுகளுக்குக் காற்றுக்கீழான, வறண்ட புல் இல்லாத இடமாகவும் அது இருத்தல் வேண்டும்.

எரிப்பதே மேலென்னும் வேளையும் ஒன்றுண்டு. நோய்க்குறி எதுவுமின்றித் திடீரென இறந்து, மூக்கிலும் வாயிலும் உறையாத கரிய இரத்தம் கசிந்தால், அடைப்பான் எனப்படும் அந்திராக்ஸ் நோயோ என ஐயுறுதல் வேண்டும். அவ்வுடலைக் கீறவோ தோலுரிக்கவோ கூடாது. உள்ளே உள்ள கிருமி காற்றுப்பட்டால் வித்தாக மாறி, மண்ணிற் பல்லாண்டு கிடந்து மீண்டும் கால்நடையைப் பற்றும். ஒருவரும் தொடாமல், நாய் அணுகாமல் காத்து, கால்நடை வைத்தியருக்கு அறிவித்தலே முதற்கடன்.

ஏனைய வேளைகளில் புதைத்தலே தீவகத்துக்குப் பொருந்துவது. ஆயின் எங்கே, எவ்வாறு? குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீற்றர் தொலைவு வேண்டும் என்பது பிரித்தானியாவில் வகுக்கப்பட்ட அளவு. வளவுக்கொரு கிணறு உள்ள ஊரில் இது கடினமே. எனினும் குடிமனைக்கு அப்பாற்பட்ட பொது நிலத்தில் இயலும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது ஒரு மீற்றர் உலர்நிலம் இருத்தல் நன்று. கோடையில் நீர் தாழ்ந்திருக்கும்போது குழி வெட்டுவோர் ஏமாறுவதுண்டு. மாரியில் நீர் எவ்வளவு உயரும் என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டறிந்து, அதற்கேற்ப ஆழத்தைக் குறைத்தல் வேண்டும். இரண்டடியிலே கல் தட்டுமானால் உடைத்து உள்ளே போவது தவறு. வெடிப்பைத் திறந்துவிடுவதாகவே அது முடியும். அத்தகைய இடத்தில் மேட்டு அடக்கம் என்னும் முறை உண்டு: ஆழமற்ற அகழியில் ஓரடிக்குக் குறையாமல் காய்ந்த சருகு, மரத்தூள், தும்புத்தூள் பரப்பி, அதன்மேல் உடலைக் கிடத்தி, மண்ணை மேடாகக் குவித்து, மழைநீர் உட்புகாதபடி சுற்றி வரம்பு கட்டுதல். உடலிலிருந்து கசிவதைச் சருகு உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்பு தூவினால் உடல் விரைவிற் கரைந்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் அது உடலை உலர்த்தி, சிதைவைத் தாமதப்படுத்தவே செய்யும்.

கடலில் இழுத்து விடலாமே என்பாரும் உளர். ஆழமற்ற பரவைக்கடலில் விட்ட உடல் ஊதி மிதந்து, நீரோட்டத்துடன் வேறொரு தீவின் கரையிலோ, தொழிலாளரின் வலையிலோ போய்த் தங்கும். அதனைத் தீர்வு என்பதற்கில்லை.

எதைச் செய்யினும் ஒரு நாளுக்குள் செய்தல் வேண்டும். கண்ணின் மேற்பரப்பைத் தொட்டும் இமை அசையாவிடின், மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் இல்லாவிடின், உயிர் பிரிந்தது திண்ணம். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதன்முன் கால்களை மடித்துக் கட்டினால் குழி சிறிதாகும். கழுத்திற் கயிறிட்டு நிலத்தில் இழுப்பதினும், தகரத்தின் மீதோ பலகையின் மீதோ ஏற்றி லாண்ட்மாஸ்டரால் இழுப்பது கண்டோர்க்கும் துயர் குறைக்கும். பூங்கா நிலத்தில் இறந்ததாயின் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும், ஊருக்குள் இறந்ததாயின் கிராம அலுவலருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் முதலில் அறிவித்தல் முறை.

வேதனை தாங்காத குதிரையை வைத்தியர் ஊசியேற்றி அமைதியாக இறக்கச் செய்திருந்தால், அம்மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். அவ்விறைச்சியைத் தின்னும் நாயும் பறவையும் சாகக்கூடும். கால்நடைக்குக் கொடுத்த டைகுளோபெனக் என்னும் வலிநீக்கி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளை இந்தியாவில் பெருந்தொகையாகக் கொன்றமை 2004இல் ஆய்வுகளால் தெளிவாயிற்று. 2006இல் அந்நாடு கால்நடைக்கு அதனைத் தடை செய்தது. பிணந்தின்னிக் கழுகுகள் இலங்கையில் இல்லை. தெருநாய்கள் உள்ளன.

இறந்தது பெட்டைக்குதிரையாய், அருகே குட்டியொன்று நின்றால், அதுவே எல்லாவற்றிலும் அவசரமான கருமம். குட்டியும் கூட்டத்துக் குதிரைகளும் உடலை முகர்ந்து பார்க்கச் சிறிது நேரம் விடலாம். குதிரை வளர்ப்போர் பலர் கடைப்பிடிக்கும் முறை அது. பிறந்து சில நாளேயான குட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு முறை பால் வேண்டும். பசும்பாலை அப்படியே கொடுத்தல் தகாது. குதிரைப் பாலில் கொழுப்புக் குறைவு, இனிப்பு அதிகம். ஆதலின் கொழுப்பு நீக்கி, குளுக்கோசு சேர்த்து, வைத்தியர் சொல்லும் அளவிற் புகட்டுதல் வேண்டும்.

மாரி தொடங்கியதும் புதைத்த மேடு தாழும். அப்போது மேலும் மண்ணிட்டு, நாய் கிளறாதபடி முள்வேலி அடைத்து, அயலிலுள்ள கிணறுகளின் நீரைப் பரிசோதகர் வாயிலாகச் சோதிப்பித்தல் வேண்டும். அச்சோதனையின் விடை கிடைக்கும் வரை அயலவர் குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுவது நலம்.