வகை காணலும் காப்பும்

இணைய உலாவியினுள் இயங்கும் நிரல்மொழிகளுள் ஜாவாஸ்கிரிப்ற் தலையாயது. 1995ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவைப் பத்து நாட்களில் ஆக்கினார். ஒரு மாறி எண்ணை ஏற்குமா, எழுத்துத் தொடரை ஏற்குமா என இம்மொழியில் முன்கூட்டி வரையறுத்தல் வேண்டா. மேற்கோட் குறிக்குள் எழுத்தாக நிற்கும் 5 உடன் 3 என்னும் எண்ணைக் கூட்டின், 53 என்னும் எழுத்துத்தொடர் விளையும்; அதனின்று 3ஐக் கழிப்பின், 2 என்னும் எண் விளையும். சிறு நிரலில் இந்நெகிழ்ச்சி எளிமை தரும். பெரு நிரலிலோ பிழை ஒளிந்திருக்க இடந்தரும்.

இக்குறையை நீக்க எழுந்ததே விருப்பநிலை வகை காணல். மைக்ரோசொப்ற் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ரைப்ஸ்கிரிப்ற் மொழி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எழுதுவோர் வேண்டிய இடத்து வகையைக் குறிக்கலாம்; குறியாதும் விடலாம். குறித்தவற்றைத் தொகுப்பான் நிரல் இயங்குமுன்னரே ஒப்புநோக்கி, முரணைச் சுட்டும்.

இங்ஙனம் வகை குறித்த நிரல் பாதுகாப்பானதும் ஆகுமோ எனின், ஆகாது. தொகுப்பான் தன் பணி முடிந்ததும் வகைக்குறிப்புக்களை நீக்கிவிடும். உலாவியை அடைவது வெறும் ஜாவாஸ்கிரிப்றே. ஆதலின், எண் வருமென எழுதிய இடத்தில் வெளியிலிருந்து எழுத்துத்தொடர் வரினும், எழுதியவர் தாமே சோதனை அமைத்தாலன்றி அது தடையின்றி நுழையும்.

வகை பொருந்துதலும் போதாது. ஒருவர் தம் பெயரென அனுப்பும் தொடரில் நிரற்கூறு மறைந்திருத்தல் கூடும். பெயரும் எழுத்துத்தொடர், நிரற்கூறும் எழுத்துத்தொடர். அதனை ஆராயாது பக்கத்தில் அப்படியே இடின், காண்போர் உலாவியில் அது இயங்கி, அவர்தம் கணக்கைப் பிறர் கைப்படுத்த வழிசெய்யும்.

2017ஆம் ஆண்டில் முதன்மையான உலாவிகள் நான்கிலும் இடம்பெற்ற வெப்அசெம்பிளியின் நிலை வேறு. அதில் வகை விருப்பமன்று, கட்டாயம். எழுதியவர் யாவராயினும், இயக்குமுன் உலாவியே நிரலைச் சோதித்து, வகை பிறழ்ந்ததை மறுக்கும்.

எனவே, எழுதுவோரிடத்து நிகழும் சோதனை அவர்தம் பிழையைக் காட்டும். பெறுவோரிடத்து நிகழும் சோதனையே அயலார் தீங்கைத் தடுக்கும். முன்னையது செய்தோம் என்று பின்னையதைக் கைவிடுதல், வீட்டின் வரைபடத்தைத் திருத்திவிட்டு வாயிலைத் தாழிடாது உறங்குதலை ஒக்கும்.