விலை குறைந்த இயர்போனில் நல்ல சவுண்டு கிடைக்குமா? திருப்பூர் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரே நூல், ஒரே நிட்டிங், ஒரே தையல். ஆனால் லேபிள் மாறினால் விலை மாறிவிடும். காதர்பேட்டையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி-ஷர்ட்டையும் ஷோரூமில் ஆயிரக்கணக்கில் விற்கும் டி-ஷர்ட்டையும் தொட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

இயர்போனிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு மொபைல் கடைக்குப் போகிறவர்களில் பலர், "காசு போட்டாத்தான் சவுண்டு நல்லா இருக்கும்" என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர், "எதுல சத்தம் அதிகமா வருதோ அதைக் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். இந்த இரண்டு எண்ணமும் தவறு. இரண்டாவது, காதுக்கே ஆபத்து.

விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

இதை ஒரு ஆய்வே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர், 283 ஹெட்போன், இயர்போன்களின் ஒலி அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை ஒரு கருவி எதை எவ்வளவு கொடுக்கிறது என்பதற்கும், அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்று தெரியவந்தது. இந்த முடிவு, 2017-ல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது.

அதிக விலையில் உறுதியான ஒயர், கூடுதல் வாரண்டி, இரைச்சல் குறைக்கும் வசதி போன்றவை கிடைக்கலாம். ஆனால், பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதற்கு விலை உத்தரவாதம் இல்லை.

அப்போ தரத்தைத் தீர்மானிப்பது எது?

பெரும்பாலான இயர்போன்களுக்குள் இருப்பது ஒரு காந்தம், ஒரு மெல்லிய கம்பிச் சுருள், ஒரு சவ்வு. அவ்வளவுதான். மின்சாரம் பாயும்போது சுருள் அசையும், சவ்வு அதிரும், ஒலி பிறக்கும். இதைத் தயாரிக்க இன்று பெரிய செலவு ஆவதில்லை.

வித்தியாசம் இருப்பது 'ட்யூனிங்'கில்தான். பேஸ் எவ்வளவு, குரல் எவ்வளவு, ஜால்ரா போன்ற கூர்மையான ஒலி எவ்வளவு என்ற கணக்கு அது. மக்களுக்கு எந்த ட்யூனிங் பிடிக்கிறது என்று ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் குழு 2010-களில் பல நாடுகளில் சோதித்தது. பெரும்பாலானோரின் விருப்பம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அந்த அளவு வெளியே தெரிந்தபிறகு, சிறிய நிறுவனங்களும் அதை ஒட்டித் தயாரிக்கத் தொடங்கின. 2022-ல் சீனாவின் மூன்டிராப் நிறுவனம் சுமார் 20 டாலருக்கு வெளியிட்ட 'சூ' என்ற ஒயர் இயர்போன், இசைப் பிரியர்களிடம் பெரிய பேச்சானது இப்படித்தான்.

புது இயர்போன் வாங்கும் முன்...

கையில் இருக்கும் இயர்போனின் ரப்பரை மாற்றிப் பாருங்கள். டப்பாவில் வரும் மூன்று சைஸ்களில் பலர் நடு சைஸை மட்டும் போட்டுவிட்டு, மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ரப்பர் காதை முழுதாக அடைக்காவிட்டால் பேஸ் வெளியே கசிந்துவிடும். பாட்டு தகர டப்பாவில் கேட்பது போல இருக்கும். இரண்டு காதுக்கும் வேறு வேறு சைஸ் தேவைப்படுவதும் சகஜம்தான்.

சரியாகப் பொருந்தியதும், நன்கு தெரிந்த பழைய பாட்டு ஒன்றைக் கேளுங்கள். இளையராஜா பாட்டில் குரலுக்குப் பின்னால் ஓடும் பேஸ் கிடார் தனியாகக் கேட்கிறதா? வயலின் ஒரு பக்கம், புல்லாங்குழல் ஒரு பக்கம் எனப் பிரிந்து வருகிறதா? வந்தால், அது நல்ல இயர்போன்தான். விலை என்னவாக இருந்தாலும்!

கம்பெனி இரைச்சலில் என்ன நடக்கிறது?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. நிட்டிங் யூனிட், பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள் என இந்தப் பகுதியில் இரைச்சலுக்குக் குறைவில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால், வால்யூமை இன்னும் ஏற்றத்தானே வேண்டும்? தளர்வான இயர்போன் என்றாலோ, ஒரு காதில் மட்டும் மாட்டினாலோ இன்னும் அதிகமாக ஏற்றுவோம்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, பெரியவர்கள் ஒரு வாரத்தில் கேட்கக்கூடிய அளவு இதுதான்:

- 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம்
- 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்
- 100 டெசிபல் என்றால் சுமார் 20 நிமிடம்

மெஷின் சத்தம் வேறு, பாட்டு சத்தம் வேறு என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். ஒன்றரை ஷிப்ட் இரைச்சலில் நின்றவர், இரவு ரூமில் ஃபுல் வால்யூமில் பாட்டு கேட்டால், ஏற்கெனவே களைத்துப்போன காதுக்கு ஓய்வே கிடைக்காது. உள்காதில் உள்ள நுண்ணிய செல்கள் செத்துவிட்டால் மீண்டும் வளராது. இரைச்சலால் வரும் காது கேளாமையை, தொழில்சார் நோய்ப் பட்டியலில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சேர்த்திருந்தது.

என்ன செய்யலாம்?

- இரைச்சலான இடத்தில் பாட்டை விட்டுவிட்டு, முறையான இயர் பிளக் போடுங்கள். பஞ்சோ, கட்டிங் வேஸ்ட் துணியோ போதிய பாதுகாப்பு தராது. இயர்போனும் இயர் பிளக்குக்கு மாற்று ஆகாது.
- ஓடும் மெஷின் அருகிலும், வண்டி ஓட்டும்போதும் இயர்போன் வேண்டவே வேண்டாம்.
- ரூமில் கேட்கும்போது வால்யூம் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நன்றாகப் பொருந்திய இயர்போனில் அதுவே தாராளம்.
- ப்ளூடூத் இயர்போன் வாங்கினால் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா எனப் பாருங்கள். பெரிய பிராண்டின் பெயரில் அடிமாட்டு விலைக்கு விற்றால், அது போலியாக இருக்கலாம்.

வேலை முடிந்து வந்தபிறகும் காதில் 'கொய்ங்' என்ற சத்தம் நிற்காமல் இருந்தாலோ, எதிரில் பேசுபவரிடம் "என்னங்க?" என்று அடிக்கடி திருப்பிக் கேட்க வேண்டியிருந்தாலோ தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பாருங்கள். இஎஸ்ஐ வசதி உள்ளவர்கள் அதன் மூலமே பரிசோதனை செய்துகொள்ளலாம். இயர்போன் கெட்டால் அடுத்த சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி இல்லை.