மலையிறக்கத்தில் பழைய புல்லட்

ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குப் பழைய புல்லட் ஒன்றில் இறங்குகிறீர்கள் எனக் கொள்வோம். பின்னால் ஓர் ஆளும் உண்டு. பாதி வழியில் பிரேக் லீவர் வழக்கத்தைவிட அதிகம் உள்ளே போகிறது. வண்டியோ நிற்கத் தயங்குகிறது. சமதரையில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டுப் பார்த்தால், அதே பிரேக் நன்றாகப் பிடிக்கிறது! எங்கள் சந்தவாசல் பக்கம் இதைக் கேபிளின் குற்றம் என்பார்கள். கேபிள் பாவம், அது என்ன செய்யும்?

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகளில் நெடுங்காலம் இரு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். வார்ப்பிரும்பு டிரம்முக்குள் இரண்டு பிறை வடிவ ஷூக்கள் இருக்கும். கேம் திரும்பினால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரைத் தேய்க்கும். வண்டியின் ஆற்றல் அங்கே வெப்பமாகிறது.

எவ்வளவு வெப்பம்? வண்டியும் ஆட்களும் சேர்ந்து 300 கிலோ என்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் ஏறத்தாழ 42,000 ஜூல். ஆனால் வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரம் இறங்கினாலோ 2,94,000 ஜூல். அதாவது ஏழு முறை நிறுத்தியதற்குச் சமம். டிரம் ஒன்று 3 கிலோ எனக் கொண்டு, இந்த வெப்பம் முழுவதும் இரண்டு டிரம்களிலும் சமமாகத் தங்கினால், வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் உயரும். காற்று ஒரு பகுதியைக் கொண்டுபோகும் என்பது உண்மையே. ஆனால் பின் பிரேக்கை மட்டும் மிதித்தபடி வந்தால் சுமை முழுவதும் ஒரே டிரம்மின்மேல் விழுகிறது. மலையோ 100 மீட்டரோடு முடிவதில்லை.

சூடான இரும்பு விரியும். 6 அங்குல டிரம் 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் சுமார் 0.3 மில்லிமீட்டர் கூடும். சுவர் ஷூவைவிட்டு விலகிப் போகிறது! அந்தச் சிறு இடைவெளியைக் கேமும் லீவரும் பன்மடங்காக்கி உங்கள் கைக்குக் காட்டுகின்றன. டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதன் தட்டு தடித்துப் பட்டையை நோக்கியே வரும். டிரம்மில் இன்னொரு கேடும் சேர்கிறது. மிகுந்த சூட்டில் லைனிங்கிலுள்ள பிசின் சிதையும், உராய்வுக் கெழு குறையும்.

இந்த நேரத்தில் வழியில் நிறுத்திக் கேபிளை இறுக்குபவர்கள் உண்டு. டிரம் ஆறிச் சுருங்கியதும் ஷூ அதை விடாமல் உரசும். உரசினால் மீண்டும் சூடு. ஆகவே ஆறிய பிறகே சரிசெய்ய வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், உருமாறவும் கூடும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது இன்னும் மோசம். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கினால் எஞ்சின் தன் பங்குக்கு வண்டியை இழுத்துப் பிடிக்கும். டிரம்மின் வேலை குறையும்.

லீவர் கையில் துடித்தால் அது வேறு நோய்: டிரம் வட்டம் தவறியிருக்கிறது. ஆரக்கம்பிகளின் இழுவிசை சமமாக இல்லாவிட்டாலும் இப்படி ஆகும். எனவே லேத்தில் கடையும்போது ஆரங்களைக் கட்டி இறுக்கிய சக்கரமாகவே கடைவது நல்லது. கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.