வரிமுறிவும் சொன்முறிவும்: பழந்தமிழ் அச்சுநூல்களின் எழுத்துக்கோப்புகளைக் கட்டளைவரிக் கருவிகளால் சீரமைத்தல்

முன்னுரை

இலண்டன் மாநகரம் தமிழ் அச்சுநூல்களின் பெருங்களஞ்சியங்களுள் ஒன்று. பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் சேர்ந்திருந்த தமிழ் நூல்களுக்கு எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் துணைப்பட்டியல் 1931இல் வந்தது. போப்பின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1886இல் இலண்டனிலேயே அச்சேறியது. அருங்காட்சியக நூலகம் 1973 முதல் பிரித்தானிய நூலகத்தின் பகுதியாயிற்று. இத்தகைய தொகுதிகளில் உள்ள நூல்கள் படமாக்கப்பட்டு, பின்னர் எழுத்துக்கோப்புகளாக மாற்றப்படும்போது எழும் சிக்கல்களுள் ஒன்று வரிமுறிவு பற்றியது. அதனைக் கட்டளைவரிக் கருவிகளின் துணையோடு தீர்க்கும் முறையையும், அம்முறைக்குத் தமிழ் இலக்கணம் தரும் துணையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கலின் இயல்பு

அச்சுப் பக்கத்தின் வரி, தாளின் அகலத்தால் அமைவது, பொருளால் அமைவதன்று. எழுத்துக்கோப்பில் சொற்றேடலோ சொல்லடைவோ செய்ய வேண்டுமாயின், பக்கத்தின் வரிகள் மீண்டும் பத்திகளாக இணைக்கப்பட வேண்டும். ஆங்கில நூல்களில் வரியிறுதியில் சொல் முறியுமிடத்துச் சிறுகோடு இடும் வழக்கம் உண்டு. பழைய தமிழ் அச்சுநூல்களிலோ சொல் எவ்விடத்தும் முறியலாம்; முறிவைக் காட்டும் குறி பெரும்பாலும் இராது. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளியின்றி எழுதிய மரபின் தொடர்ச்சியாக இதனைக் கருதலாம்.

எனவே இரு வரிகளை இணைக்கும்போது இடையில் இடைவெளி விடுவதா, விடாதிருப்பதா என்ற வினா ஒவ்வொரு வரியிலும் எழுகிறது. ஒரு வரி ‘தா’ என முடிந்து அடுத்த வரி ‘மரை’ எனத் தொடங்கினால், அது தாமரை மலரா, தாவுகின்ற மரையா? இலக்கண நூலார் பொதுமொழிக்குக் காட்டும் இவ்வெடுத்துக்காட்டு இங்கு நடைமுறைச் சிக்கலாகிறது. எல்லா வரிகளையும் இடைவெளியுடன் இணைத்தால் முறிந்த சொற்கள் தேடலில் அகப்படா. இடைவெளியின்றி இணைத்தால் இல்லாத சொற்கள் பிறக்கும்.

கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

யூனிக்சு இயங்குதளத்தோடு வளர்ந்த கருவிகள் இப்பணிக்குப் பொருத்தமானவை. 1970களின் முற்பகுதியில் லீ மக்மேகன் உருவாக்கிய ‘செட்’ கருவி, கோப்பினை வரிவரியாகப் படித்து ஒரு கோலத்தை மற்றொன்றாக மாற்றும். 1977இல் ஆகோ, வைன்பர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கி, அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளால் பெயர் பெற்ற ‘ஆக்’, வரியைச் சொற்களாகப் பகுத்து எண்ணவும், முன்வரியை நினைவில் வைத்து அடுத்த வரியோடு ஒப்பிடவும் வல்லது. வரிகளைக் குறித்த அகலத்திற்கு மடிக்கும் ‘ஃபோல்ட்’, பத்தியை நிரப்பி அடுக்கும் ‘எஃப்எம்டி’ ஆகியனவும் உள்ளன.

இவை ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு பிறந்தவை என்பதை மறத்தலாகாது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி எழுத்துகள் 3. ஒருங்குறியில் அதன் குறியெண்கள் 5. மி என்பதன் இகரக் குறியும் ழ் என்பதன் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகள் கொள்வதால் அதே சொல் 15 பைட்டுகள் ஆகிறது. ஃபோல்ட் கருவியின் பரவலான வடிவம் நெடுங்காலம் பைட்டுகளையே அகலமாக எண்ணியது. அதனிடம் 80 என்ற அகலம் தரப்பட்டால், இடைவெளியில்லாத தமிழ்த் தொடரில் 26 குறியெண்களுக்குப் பின் 2 பைட்டுகள் எஞ்சும். 27ஆம் குறியெண் நடுவில் துண்டாகிப் படிக்கவியலாததாகும்.

ஆக் கருவியின் சில வடிவங்களிலும் இதுபோன்ற இடர் உண்டு. தமிழ் எழுத்துகள் அனைத்தின் முதல் பைட்டும் ஒன்றே. ஆகவே ‘இவ்வெழுத்துகளுள் ஏதேனும் ஒன்று’ எனச் சதுர அடைப்புக்குள் தொகுத்துக் கேட்டால், பைட்டளவில் படிக்கும் கருவி எல்லாத் தமிழ் வரிகளையும் பொருத்தமுடையனவாகக் கொள்ளும். எழுத்துகளைத் தனித்தனி மாற்றுகளாகச் செங்குத்துக் கோட்டால் பிரித்துக் கேட்பதே எவ்வடிவத்திலும் பிழையின்றி இயங்கும் வழி.

மொழிமுதல் விதிகளின் பயன்

சொல்லின் முதலிலும் ஈற்றிலும் எவ்வெழுத்துகள் வரும் என்பதைத் தொல்காப்பியம் மொழிமரபிலும் நன்னூல் எழுத்தியலிலும் வரையறுக்கின்றன. இவ்வரையறையைக் கருவிக்குரிய விதிகளாக மாற்றலாம்.

முதலாவது, நன்னூலின்படி மெய்களுள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய 8 மொழிமுதல் வாரா. இவற்றுள் ட, ர, ல ஆகியன கடன்சொற்களில் முதலில் வருகின்றன. ‘இலண்டன்’ என்றெழுதுவாரும் ‘லண்டன்’ என்றெழுதுவாரும் உளர். எஞ்சிய ண, ழ, ள, ற, ன என்னும் 5 எழுத்துகளுள் ஒன்றால் அடுத்த வரி தொடங்கின், அது முறிந்த சொல்லின் எச்சமாதல் வேண்டும், இடைவெளியின்றி இணைக்கலாம்.

இரண்டாவது, உயிரெழுத்து அளபெடையல்லாத இடத்தில் சொல்லின் நடுவே தனித்து வருவதில்லை. ஆதலின் அடுத்த வரி அ முதலிய உயிரால் தொடங்கின் இடைவெளியுடன் இணைக்கலாம்.

மூன்றாவது, இவ்விரண்டிலும் அடங்காத வரிகள் ஐயத்திற்குரியன. வரி க் என முடிந்து அடுத்தது க எனத் தொடங்கின், அது ‘மக்கள்’ என்பதன் முறிவாகவும் இருக்கலாம். ‘நூலைக் கண்டான்’ என்னும் சந்தியாகவும் இருக்கலாம். இத்தகைய இடங்களில் கருவி முடிவு செய்யாமல், நூலில் வேறெங்கும் வாராத ஒரு குறியை இட்டு நிறுத்த வேண்டும். அக்குறிகளைத் தேடிச் சென்று முடிவு செய்வது தமிழறிந்தவர் பணி.

விதியின் எல்லை

முதல் விதி எல்லா நூல்களுக்கும் பொருந்துவதன்று. 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் ‘அவ னென்றான்’ என்பதுபோலச் சந்தியால் சேர்ந்த எழுத்தை அடுத்த சொல்லோடு பிரித்து அச்சிடும் வழக்கம் இருந்தது. அங்கே ன, ல, ள முதலியன அச்சில் மொழிமுதலாகத் தோன்றும். எனவே கருவியை இயக்குமுன் நூலின் வழக்கத்தை நூலைக்கொண்டே அறிய வேண்டும். வரியின் நடுவில் இவ்வைந்து எழுத்துகளால் தொடங்கும் சொற்கள் உள்ளனவா என ஆக் கருவியால் பட்டியலிடலாம். பட்டியல் வெறுமையாயின் விதி அந்நூலுக்குச் செல்லும்; சொற்கள் மிகுந்திருப்பின் அவ்வரிகளும் ஐயத்தின்பாற் படும்.

செய்யுளுக்கு இம்முறை அறவே ஆகாது. செய்யுளில் அடி என்பது யாப்பின் உறுப்பு. எஃப்எம்டி போன்ற கருவி அடிகளை இணைத்துவிட்டால் யாப்பு அழியும். ஆதலின் செய்யுட் பகுதிகளை முன்னரே குறியிட்டு விலக்க வேண்டும். அவற்றிற்குக் கருவி வேறு வகையில் துணைபுரியும். திருக்குறளில் முதலடி 4 சீரும் இரண்டாமடி 3 சீரும் கொள்வதால், சீர்பிரித்த கோப்பில் 1330 குறள்களுக்கு 2660 அடிகளும் 9310 சீர்களும் இருத்தல் வேண்டும். எண்ணிக்கை பிறழ்ந்த அடியை ஆக் உடனே காட்டிவிடும். சொற்பிரித்த பதிப்பிற்கு இக்கணக்குப் பொருந்தாது.

சரிபார்த்தல்

மூலக்கோப்பை ஒருபோதும் மாற்றாமல், விளைவைப் புதிய கோப்பிலேயே எழுத வேண்டும். ஆய்வாளர் மேற்கோள் காட்டுவதற்கு ஏற்பப் பக்க எண்ணும் வரி எண்ணும் தனியே பேணப்பட வேண்டும். இறுதியில் இரு கோப்புகளிலிருந்தும் இடைவெளி, வரிமுறிவு, ஐயக்குறி ஆகியவற்றை நீக்கி ஒப்பிட வேண்டும். எஞ்சிய எழுத்துத்தொடர் இரண்டிலும் பைட்டுக்குப் பைட் ஒன்றாயின், எழுத்து எதுவும் கெடவில்லை, மிகவில்லை, திரியவில்லை எனத் துணியலாம். இச்சோதனை எழுத்துக்கே காவல். இடைவெளி சரியான இடத்தில் விழுந்ததா என்பதை அது கூறாது.

முடிவுரை

பதிப்பாசிரியர் ஏட்டிலுள்ள தொடரைச் சொற்பிரித்து அச்சேற்றிய பணியும், அச்சு வரிகளை இணைத்து எழுத்துக்கோப்பாக்கும் பணியும் ஓரினத்தவை. இரண்டிலும் ஓர் இடைவெளி ஒரு பாடத்தைத் தோற்றுவிக்கும் அல்லது மறைக்கும். தவறாக இணைந்த சொல் சொல்லடைவில் ஏறிவிட்டால், அதனைப் பின்வரும் ஆய்வாளர் மூலநூலின் வழக்காகவே கொள்வர். உறுதியானவற்றைக் கருவி செய்து ஐயமானவற்றை அறிஞர்க்கு விட்டுவைப்பதும், எங்கெங்கு எவ்விதியால் இணைக்கப்பட்டது என்பதைக் கோப்புடனேயே பதிந்து வைப்பதும் இப்பணியின் இன்றியமையாக் கடமைகளாகும்.