அரிசி வந்த வழி

இன்று உங்கள் வீட்டு உலையில் இட்ட அரிசி எந்த வயலில் விளைந்தது? யாராவது இப்படிக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? பெரும்பாலோர் கடையின் பெயரைச் சொல்வோம். அதற்கு அப்பால் நமக்குத் தெரியாது.

காவிரிப் படுகையில் நம் பாட்டனார் காலத்தில் இது ஒரு கேள்வியே அன்று. குதிரிலிருந்து நெல்லை எடுத்தார்கள். வீட்டிலேயே அவித்து, உலர்த்தி, குத்திச் சமைத்தார்கள். சோற்றில் ஏதேனும் வாடை வீசினால், "அறுவடையன்று மழை பிடித்ததே, அந்த மூன்று மா நெல்தான் இது" என்று வீட்டுப் பெரியவர் உடனே சொல்லிவிடுவார். வயலுக்கும் இலைக்கும் இடையே இருந்த தொலைவு குறைவு. வழி முழுவதும் ஒருவருடைய நினைவிலேயே இருந்தது.

இன்று அந்த வழி நீண்டுவிட்டது. தஞ்சாவூருக்கு அருகே ஓர் உழவர் குறுவை நெல்லை அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுபோகிறார். 1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இந்த நிலையங்களை நடத்துகிறது. அங்கே நெல்லைத் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ மூட்டைகளாகப் பிடித்துத் தைக்கிறார்கள். மூட்டைகள் லாரியில் ஏறிக் கிடங்குக்கோ, திறந்தவெளிச் சேமிப்பு மையத்திற்கோ செல்கின்றன. அங்கிருந்து ஒரு பகுதி உள்ளூர் ஆலைக்குப் போகிறது. மற்றொரு பகுதி சரக்கு இரயிலில் வேறு மாவட்டத்து ஆலைகளுக்குப் பயணமாகிறது. அரைத்த அரிசி மீண்டும் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து நியாயவிலைக் கடைக்குப் போய், கடைசியில் ஒரு வீட்டுப் பானையை அடைகிறது. இவ்வளவு கைகள் மாறிய பிறகு அந்த வழியை யார் நினைவில் வைத்திருப்பார்?

தவறு எங்கே நேர்ந்தது?

ஒரு கடையில் விற்ற அரிசி பழுத்த நிறமாகவும் வாடையுடனும் இருக்கிறது என்று கொள்வோம். காரணம் பலவாக இருக்கலாம். ஈர நெல் மழையில் நனைந்து மூட்டைக்குள் சூடேறியிருக்கலாம். ஆலையில் ஊறவைத்த தண்ணீரை நாள்தோறும் மாற்றாமல் விட்டிருக்கலாம். கிடங்கின் கூரை ஒழுகியிருக்கலாம். உழவர் ஆலையைச் சுட்டுவார். ஆலைக்காரர் கிடங்கைச் சுட்டுவார். கிடங்குக்காரர் உழவரைச் சுட்டுவார். உண்மை தெரியாவிட்டால், நல்ல அரிசியையும் சேர்த்து ஒதுக்க வேண்டியிருக்கும். இல்லையேல் கெட்டதையும் சேர்த்து விற்க வேண்டியிருக்கும். இரண்டுமே இழப்புதான்.

ஈர நெல் இந்த மண்ணின் பழைய தொல்லை. அதற்குத் தீர்வு காணவே 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. பின்னர் தஞ்சாவூருக்கு வந்து, இன்று உணவுப் பதப்படுத்தும் தொழில்நுட்பத்திற்கான தேசிய நிறுவனமாக வளர்ந்திருப்பது அதுவே.

வந்த வழியைக் கண்டுபிடிக்கும் முறையின் அடிப்படை மிக எளியது. ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே வகையில் கையாண்ட சரக்கை ஒரு தொகுதியாகக் கொண்டு அதற்கு ஓர் எண் இட வேண்டும். சரக்கைக் கையாளும் ஒவ்வொருவரும் இரண்டு செய்திகளைக் குறித்து வைக்க வேண்டும்: இது யாரிடமிருந்து வந்தது? யாரிடம் போயிற்று? ஒரு படி பின்னே, ஒரு படி முன்னே, அவ்வளவுதான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை அறிந்திருந்தால், முழுச் சங்கிலியையும் எந்த முனையிலிருந்தும் இழுத்துப் பார்க்கலாம்.

எண் தன்னைத் தானே காக்கும்

எண்ணைக் கையால் எழுதினால் பிழை வரும். ஆகவேதான் அதைக் கருப்புக் கோடுகளாக அச்சிட்டு, ஒளியால் படிக்கும் முறை வந்தது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலக் கடை ஒன்றில், சூயிங்கம் பொட்டலம் ஒன்று முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்டு விற்பனையாயிற்று. சதுரப் புள்ளிகளாலான கியூஆர் குறியீடு 1994-இல் ஜப்பானில் உருவாயிற்று. கோடுகளைவிட மிக அதிகமான செய்தியை அது தாங்கும்.

கடைப் பொட்டலத்தில் உள்ள 13 இலக்க எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து முதல் 12 இலக்கங்களில் 1, 3, 5, 7, 9, 11-ஆம் இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 28. மற்ற ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகை 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதை அடுத்த முழுப் பத்தாக்க எவ்வளவு வேண்டும்? ஒன்றும் வேண்டியதில்லை. ஆகவே கடைசி இலக்கம் 0. யாராவது கைதவறி 1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றி அடித்துவிட்டால் தொகை 132 ஆகும். கடைசி இலக்கம் 8 ஆக இருந்திருக்க வேண்டும். கணிப்பொறி உடனே "பிழை" என்று சொல்லிவிடும். உங்கள் வீட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீங்களே செய்து பாருங்கள். 890 என்ற தொடக்கம், அந்நிறுவனம் இந்திய அமைப்பில் எண் பெற்றிருப்பதைக் காட்டுகிறது. பொருள் இந்தியாவில் விளைந்ததா என்பதை அது சொல்லாது.

கலப்பு என்னும் முடிச்சு

மாம்பழத்தைப் பின்தொடர்வது எளிது. பழம் பழமாகவே இருக்கும். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் வெட்டிய மாம்பழப் பொட்டலம் ஒன்றின் தோட்டத்தைக் கண்டறிய ஏறக்குறைய ஏழு நாள் தேவைப்பட்டது. பிளாக்செயின் என்னும் பதிவுமுறையைச் சோதித்தபோது 2.2 நொடியில் விடை கிடைத்தது. இம்முறையில் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் அடையாளத்தைத் தன்னுள் கொண்டிருக்கும். பழைய வரி ஒன்றை மாற்றினால் பின்வரும் எல்லா வரிகளும் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுக்கும்.

நெல்லின் கதை வேறு. பல உழவர்களின் நெல் ஆலையின் ஊறல் தொட்டியில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அதன்பின் எந்த அரிசி எந்த வயலுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் "இந்தத் தொட்டியில் கொட்டியது இன்ன தொகுதிகள், வெளிவந்தது இன்ன தொகுதி" என்று எழுதி வைக்க முடியும். தேடுதல் ஒரு வயலில் முடியாமற் போகலாம். ஆயிரம் வயல்களிலிருந்து முப்பது வயல்களுக்குக் குறைந்தாலே பெரும் நன்மை.

எடைக் கணக்கும் இங்கே துணை நிற்கும். 800 மூட்டை நெல் என்றால் 32,000 கிலோ. அரசுக்காக அரைக்கும் ஆலை 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி தரவேண்டும் என்பது விதி. அதன்படி 21,760 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகளாக 435. ஏட்டில் 480 மூட்டை என்று இருந்தால், மிகுந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

இதில் ஈரப்பதத்தையும் மறக்கலாகாது. 17 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 விழுக்காட்டிற்கு உலர்த்தினால் 965 கிலோ நிற்கும். 22 விழுக்காடு ஈரமுள்ள நெல்லானால் 907 கிலோதான். எடையோடு ஈரத்தையும் பதிவு செய்தால்தான் கணக்கு உண்மை பேசும்.

பிறர் கற்ற பாடம்

2008-இல் ஜப்பானில் ஓர் ஊழல் வெளிப்பட்டது. பூச்சிமருந்து எச்சமும் பூஞ்சை நஞ்சும் இருந்ததால், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிய அரிசி, உண்ணும் அரிசியாக விற்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே அந்நாடு அரிசிக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 2010 அக்டோபர் முதல் வாங்கல் விற்றல் பதிவும், 2011 ஜூலை முதல் விளைந்த இடத்தைத் தெரிவிப்பதும் கட்டாயமாயின.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் திராட்சைக்காக 2006-இல் 'கிரேப்நெட்' என்ற இணையப் பதிவுமுறை வந்தது. அதன்மூலம் பெட்டியிலிருந்து தோட்டம் வரை பின்னோக்கிச் செல்லலாம். அயல்நாட்டார் உண்ணும் திராட்சைக்குக் கிடைத்த இந்தக் கவனம், நம்மவர் உண்ணும் அரிசிக்கும் கிடைக்க வேண்டாமா?

காவிரிப் படுகையில் வழியின் இரு முனைகளிலும் கணிப்பொறி வந்துவிட்டது. உழவர் இணையத்தில் முன்பதிவு செய்கிறார். நிலப் பதிவுகளைக் கொண்டு அது சரிபார்க்கப்படுகிறது. பணம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. மறுமுனையில், 2017 முதல் வழங்கப்பட்ட மின்னணுக் குடும்ப அட்டையைக் கடைக் கருவி படிக்கிறது. இந்த உழவர் இத்தனை மூட்டை விற்றார் என்று ஒரு முனை சொல்லும். இந்தக் குடும்பம் இத்தனை கிலோ வாங்கியது என்று மறுமுனை சொல்லும். நடுவே தொட்டியும் கிடங்கும் கடந்து இவ்விரண்டையும் தொகுதி எண்ணால் இணைப்பதே இனி நடக்க வேண்டிய வேலை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஈரப்பதமானி 21 காட்டும்போது எழுதுபவர் 17 என்று பதிந்தால், கணிப்பொறி அந்தப் பொய்யையும் பத்திரமாகப் பாதுகாக்கும். எந்தச் சங்கிலியும் முதல் வரியை எழுதுபவரின் நேர்மையில்தான் தொடங்குகிறது. பாட்டனாரின் நினைவு செய்த வேலையை இனிக் கணிப்பொறி செய்யட்டும். அந்த நினைவுக்கு இருந்த நாணயம் அதை இயக்குபவருக்கும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை அரிசி வாங்கும்போது சாக்கின் மீதும் பொட்டலத்தின் மீதும் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். தொகுதி எண் இருக்கிறதா? எந்த ஆலை? எந்தப் பருவம்? உண்பவர் கேட்கத் தொடங்கினால், விற்பவர் எழுதத் தொடங்குவார்.