ட்ராம் கொடுத்த மதிப்பு, அயலவர் காத்த மதிப்பு

எனது கடைக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்பிடத்தை ஒரு முறை அப்பால் மாற்றினார்கள். அந்த மாதமே கல்லாப்பெட்டியில் அது தெரிந்தது. போக்குவரத்துத்தான் இடத்துக்கு விலை கொடுக்கிறது என்பதை அன்று படித்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இதை நன்கறிந்த ஒரு தொழிலதிபர் இருந்தார். ஜோயல் ஹர்ட் என்பது பெயர். நகருக்குக் கிழக்கே இன்மன் பார்க் என்ற குடியிருப்பை அமைத்த அவர், 1889இல் நகர மையத்திலிருந்து அங்கு மின்சார ட்ராமும் ஓடவிட்டார். காணிக் கம்பனியும் அவருடையது, ட்ராம் கம்பனியும் அவருடையது. செல்வந்தர்கள் மாளிகை கட்டினார்கள். கொக்கா கோலாவை வளர்த்த ஏசா கேன்ட்லரும் அங்கே குடியிருந்தார்.

காலப்போக்கில் வசதியானவர்கள் புதிய புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். மாளிகைகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. 1960களில் நெடுஞ்சாலை போடவென்று அப்பகுதியில் பல வீடுகள் இடிக்கப்பட்டன.

அந்த நிலையிலும் சிலர் பாழடைந்த வீடுகளை வாங்கித் திருத்தினார்கள். சங்கம் அமைத்து நெடுஞ்சாலையை எதிர்த்தார்கள். 1973இல் அவ்விடம் தேசிய வரலாற்றிடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. நெடுஞ்சாலைத் திட்டமும் 1970களிலேயே கைவிடப்பட்டது. இன்று அங்கு வீடு வாங்குவது இலேசல்ல. வாடகைக்கிருந்த ஏழைகளுக்கு அங்கு இடமில்லாமற் போனதும் உண்மை.

பஸ் தரிப்பிடம் போனபோது எங்கள் தெருக் கடைக்காரர்கள் தனித்தனியே புலம்பினோம். ஒன்றாகப் போய்க் கேட்கவில்லை. வியாபார நண்பர்களே, நஷ்டம் அங்கேதான் தொடங்கியது.